நாய்க்குட்டியின் மூக்கைத் தேய்த்த வரலாறு

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி உண்டு. இதை மாடுகள் ஒத்துக்கொள்கின்றனவா என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் நாய்க்குட்டி விஷயத்தில், மேற்கத்திய நாடுகளில் கூட மிக நீண்ட காலம் இந்தப் பழமொழிதான் சட்டமாக இருந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பது கொஞ்சம் விசித்திரமான கதை.

இரண்டு மாதக் குட்டி ஒன்று புதிதாக வீட்டுக்கு வருகிறது. முதல் நாள் இரவு முழுக்கச் சிணுங்குகிறது. விடிந்து பார்த்தால் கூடத்தின் நடுவில் ஈரம். மறுநாள் ஒரு செருப்பு காலி. அதற்கடுத்த நாள் வீட்டுக் குழந்தையின் விரலை ஊசிப் பல்லால் கடிக்கிறது. இதற்கெல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் தயாராக மருந்து இருந்தது. சிறுநீர் போன இடத்தில் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பது, செய்தித்தாளைச் சுருட்டி ஒரு போடு போடுவது, வாயை இறுக்கிப் பிடிப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது. நம் ஊரிலும் நாய் வளர்ப்பவர்களுக்கு இவை புதிதல்ல.

இது வெறும் தரை துடைக்கும் பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவச் சங்கம் 2008-ல் வெளியிட்ட அறிக்கையில், மூன்று வயதுக்கு உட்பட்ட நாய்களின் மரணத்துக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறுகளே என்று சொன்னது. அதாவது கடிக்கிறது, வீட்டைப் பாழ் செய்கிறது, சமாளிக்க முடியவில்லை என்று காப்பகத்தில் கொண்டு போய் விடப்பட்டு, எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் ஊசி போட்டு முடிக்கப்படுகிற நாய்கள். குட்டியாக இருந்தபோது அந்தக் கூடத்து ஈரத்தையும் விரல் கடியையும் வீட்டுக்காரர் எப்படிக் கையாண்டார் என்பதில்தான் பல நாய்களின் தலையெழுத்து இருந்திருக்கிறது.

பழைய காலத்து ஆட்கள் எல்லோரும் முரடர்கள் என்று நினைத்தால் தவறு. கிரேக்க எழுத்தாளர் செனஃபோன், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வேட்டை பற்றி எழுதிய நூலில், குட்டிகளுக்குக் கூப்பிட வசதியாகச் சின்னப் பெயராக வையுங்கள் என்று சொல்லி, 40-க்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தருகிறார். அவருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஆரியன் (அலெக்சாண்டரின் வரலாற்றை எழுதியவர் இவர்தான்), தன் செல்ல நாய் ஹோர்மே பற்றி ஒரு விஷயம் எழுதி வைத்திருக்கிறார். அது குட்டியாக இருந்தபோது சாட்டையால் அடி வாங்கியிருந்தது. வளர்ந்து வெகு காலம் ஆன பிறகும் யாராவது சாட்டை என்ற சொல்லை உச்சரித்தாலே போதும், சொன்னவரிடம் ஓடிப் போய்க் குனிந்து கெஞ்சி, தாவி முகத்தோடு முகம் ஒட்டிக்கொள்ளுமாம். குட்டிப் பருவத்தில் வாங்கிய அடி ஆயுளுக்கும் மறக்காது என்பதை ஏறக்குறைய 1900 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பார்த்து எழுதிவிட்டார். படித்தவர்கள்தான் கண்டுகொள்ளவில்லை.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாயைப் பழக்குவதற்குப் பெயரே 'உடைப்பது' என்பதுதான். ஹட்சின்சன் என்ற ராணுவ அதிகாரி 1848-ல் எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. நம் கிராமங்களில் இளங்காளையை வண்டிக்கும் ஏருக்கும் 'வசக்குவது' என்பார்களே, அதே மாதிரி. 1880-களில் அமெரிக்காவில் ஹேமண்ட் என்பவர், உடைக்காதீர்கள், கற்றுக்கொடுங்கள் என்று தலைப்பிலேயே சண்டை போட்டு ஒரு புத்தகம் எழுதினார். சாட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறைச்சித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குட்டிக்குப் பாடம் நடத்தச் சொன்னார். அவர் சொன்னது எடுபட இன்னும் நூறு வருடம் பாக்கி இருந்தது.

ஏன் எடுபடவில்லை என்றால், அடுத்த சில பத்தாண்டுகளில் நாய்ப் பயிற்சி என்பது காவல்துறை, ராணுவம் ஆகியவற்றின் கைக்குப் போய்விட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த கோன்ராட் மோஸ்ட் என்ற போலீஸ் அதிகாரி 1910-ல் எழுதிய பயிற்சி நூல்தான் நவீன நாய்ப் பயிற்சியின் தொடக்கம் என்று பலர் சொல்கிறார்கள். மோஸ்ட் சாதாரண ஆள் இல்லை. நாய்க்கு மனிதனைப் போல நியாய அநியாயம் தெரியாது, அந்தந்தக் கணத்தில் நடப்பதோடு சேர்த்துத்தான் அது எதையும் கற்கிறது என்பதைத் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார். ஆனால் அவருடைய கருவிகள் பிரம்பும், முள் கழுத்துப்பட்டையும். அவர் பழக்கியவை திருடனைத் துரத்த வேண்டிய வளர்ந்த நாய்கள். அந்த முறை கொஞ்சம் கொஞ்சமாக வீட்டு நாய்களுக்கும் இறங்கி வந்தது.

1933-ல் நியூயார்க் மாகாணத்தின் மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி, கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். கலந்துகொண்டவை மொத்தம் எட்டே எட்டு நாய்கள்! 1936-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் அதை அதிகாரபூர்வப் போட்டியாக ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவ நாய்களைப் பழக்கிய பயிற்சியாளர்கள் ஊர் திரும்பி, சனி ஞாயிறுகளில் வகுப்புகள் நடத்த ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கோய்லர் 1962-ல் எழுதிய புத்தகம் அமோகமாக விற்றது. தோட்டத்தில் குழி தோண்டும் நாய்க்கு அவர் சொன்ன வைத்தியம், அந்தக் குழியிலேயே தண்ணீரை நிரப்பி நாயின் தலையை அதில் அமுக்குவது. டிஸ்னி படங்களுக்கு நாய் பழக்கிக் கொடுத்தவரும் இவரேதான். திரையில் அந்த நாய்களைப் பார்த்துக் கண் கலங்கிய ரசிகர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே.

இந்த வகுப்புகளில் ஒரு வினோதம் இருந்தது. ஆறு மாதம் ஆகாத நாய்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். காரணம் எளிது. அன்றைய பாடமே கழுத்தில் சுருக்குச் சங்கிலி மாட்டிச் சுண்டி இழுப்பதுதான். அந்த இழுவையைக் குட்டியின் பிஞ்சுக் கழுத்து தாங்காது. ஆக, பயிற்சி முறை முரட்டுத்தனமாக இருந்ததால் குட்டிகள் வகுப்புக்கு வெளியே நின்றன. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வரும் குட்டி ஆறு மாதம் ஆகும்வரை, எதையும் கற்கும் வேகம் மிக அதிகமாக இருக்கும் அந்த நான்கு மாதமும், யாரும் எதுவும் சொல்லித் தராமல் வளர்ந்தது. அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டதுதான் சுருட்டிய செய்தித்தாளும், மூக்குத் தேய்ப்பும். இவை யாரோ ஆராய்ந்து சொன்ன முறைகள் அல்ல. வேறு வழி தெரியாத வீடுகளின் பாட்டி வைத்தியம்.

ஆனால் மூக்கைத் தேய்த்தால் பலன் கிடைத்ததே என்று பலர் சத்தியம் செய்வார்கள். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. எட்டு வாரக் குட்டிக்குச் சிறுநீரை நீண்ட நேரம் அடக்கும் சக்தி உடம்பிலேயே கிடையாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் அதற்கு வந்துவிடும். மாதங்கள் போகப் போகத் தசைகள் வலுவாகி அடக்கும் நேரம் தானாகவே கூடும். தேய்த்தாலும் கூடும், தேய்க்காவிட்டாலும் கூடும். பெருமை மட்டும் தேய்த்தவருக்கு! குட்டி அதில் உண்மையில் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு. 'வீட்டுக்குள் போகக் கூடாது' என்பதல்ல, 'இவர் பார்க்கும்போது போகக் கூடாது' என்பது. பிறகு அது சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும். தோட்டத்துக்கு அழைத்துப் போனாலும், வார் பிடித்தவர் பக்கத்தில் நிற்பதால் அடக்கிக்கொண்டே இருந்துவிட்டு, உள்ளே வந்து ஆள் நகர்ந்ததும் போகும். வீட்டுக்காரர் அதைத் திமிர் என்று நினைப்பார்.

"தப்பு செய்தது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பது அடுத்த வாதம். காதை மடக்கி, கண்ணைத் திருப்பி, வாலை இடுக்கிக்கொண்டு நிற்கும் அந்த முகத்தை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் சோதித்து 2009-ல் வெளியிட்டார். மொத்தம் 14 நாய்கள். சாப்பிடக் கூடாது என்று சொல்லித் தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது நாய் சாப்பிட்டதா இல்லையா என்று அவருக்குச் சில முறை உண்மையும், சில முறை பொய்யும் சொல்லப்பட்டது. முடிவில் அந்தக் குற்றவாளி முகம், நாய் தப்பு செய்ததா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. அதிலும் ஒன்றுமே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் தூக்கலாக இருந்தது. அது குற்ற உணர்வு அல்ல, எதிரில் நிற்பவரின் கோபத்தைத் தணிக்கும் முயற்சி. ஆரியனின் ஹோர்மே செய்ததும் அதைத்தானே?

இதற்கிடையில் அமெரிக்காவின் மெயின் மாகாணத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவரும் பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல் உட்பட ஐந்து இன நாய்களைக் குட்டி போட்ட நாளிலிருந்து வருடக்கணக்கில் கவனித்தார்கள். அங்கே நடந்த ஒரு சோதனை 1961-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. உயரமான வேலி போட்ட வெளியில், மனித வாசனையே படாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன. இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம், ஒன்பதாம் வாரங்களில் சில சில குட்டிகளை மட்டும் எடுத்து ஒரு வாரம் கொஞ்சிப் பழகிவிட்டுத் திரும்ப விட்டார்கள். சில குட்டிகளைப் பதினான்கு வாரம்வரை தொடவே இல்லை. நடுவில் பழகிய குட்டிகள் பின்னாளில் மனிதரிடம் ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம் விடப்பட்டவை காட்டு விலங்கு போல மிரண்டன. பிறகு எவ்வளவு பழகியும் அந்த மிரட்சி முழுதாகப் போகவில்லை.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது' என்பதை நாய்க்கணக்கில் வாரமாக மாற்றிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது! 1965-ல் வந்த ஸ்காட், ஃபுல்லர் நூல் சொன்னதும் இதுதான். ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை ஒரு கதவு திறந்திருக்கிறது. மனிதர், குழந்தை, மற்ற நாய், வண்டிச் சத்தம் எல்லாம் அதற்குள் அறிமுகமாகிவிட வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைத் தயார் செய்த கிளாரன்ஸ் ஃபாஃபென்பெர்கர் இதை நடைமுறையில் உறுதி செய்தார். சோதனையில் தேறிய நல்ல குட்டிகள் கூட, வீடுகளுக்குப் போகாமல் கொட்டிலில் கூடுதலாகச் சில வாரங்கள் தங்கிவிட்டால் பின்னாளில் பயிற்சியில் தோற்றுப்போவதை அவர் கவனித்தார்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது ஆறு மாதக் காத்திருப்பு ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. 1978-ல் பார்வோ என்ற புதிய வைரஸ் நோய் தலைகாட்டி, மிகக் குறுகிய காலத்தில் உலகம் முழுக்கப் பரவிக் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. தடுப்பூசிகள் எல்லாம் போட்டு முடியும்வரை, அதாவது நான்கு மாதம்வரை, குட்டியை வெளியே கொண்டு வராதீர்கள் என்றார்கள் கால்நடை மருத்துவர்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கண்ணெதிரே குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. ஆனால் தடுப்பூசி முடிவதற்குள் ஸ்காட், ஃபுல்லர் சொன்ன கதவு சாத்தப்பட்டிருந்தது. நோயிலிருந்து தப்பிய குட்டி, அந்நியரைக் கண்டால் கடிக்கும் நாயாக வளர்ந்தது.

சரி, மல்லாக்கப் புரட்டி அமுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஓநாய்களிடம் போக வேண்டும். ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவை பதவிக்காக ஓயாமல் சண்டை போட்டன, ஜெயித்தது தலைமை ஓநாய் ஆனது. டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-ல் எழுதிய 'தி வுல்ஃப்' என்ற நூல் மூலம் இந்தக் கருத்து பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது. 1978-ல் நியூயார்க் மாகாணத்து நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் (ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்பில் பேர் போனவர்கள்) எழுதிய நாய் வளர்ப்பு நூலில், தப்பு செய்யும் நாயைத் தலைமை ஓநாய் போல மல்லாக்கப் புரட்டி அமுக்குங்கள் என்று யோசனை சொல்லப்பட்டது. அதன் பிறகு கடித்தாலும், ஓடினாலும், சொன்னதைக் கேட்காவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம்தான்: குட்டி உங்கள் தலைமைப் பதவிக்குப் போட்டி போடுகிறது! எட்டு வாரக் குட்டி, பதவிக்கு!

பிரச்சினை என்னவென்றால், பாசெல் ஓநாய்கள் ஒரு கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்டவை. சிறைக்கைதிகளைப் பார்த்துவிட்டு மனிதக் குடும்பம் இப்படித்தான் இருக்கும் என்று எழுதுவது போன்றது அது. மெக் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைக்காலம்தோறும் காட்டு ஓநாய்களின் அருகிலேயே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமை என்பது பெற்றவர்கள் என்பதுதான், சண்டை போட்டு வாங்கிய பட்டம் அல்ல. 1999-ல் அவரே தன் பழைய கருத்தைத் திருத்திக் கட்டுரை வெளியிட்டார். நியூ ஸ்கீட் துறவிகளும் 2002-ல் வந்த புதிய பதிப்பில், அந்தப் புரட்டும் முறையை இனி பரிந்துரைக்கவில்லை என்று நேர்மையாக எழுதினார்கள். எழுதியவர்களே திரும்பப் பெற்றும் கேட்டவர்கள் விடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றிலேயே வேடிக்கையான பகுதி.

மாற்றம் வந்தது வகுப்பறையிலிருந்து. லண்டனில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லியில் நாய்களின் நடத்தையை ஆராய்ந்த இயான் டன்பார், 1980-களின் தொடக்கத்தில் தன் சொந்தக் குட்டிக்கு ஒரு வகுப்பு தேடினார். எங்கே போனாலும் ஆறு மாதம் ஆகட்டும் என்ற அதே பதில். எனவே அவரே குட்டிகளுக்கென்று ஒரு வகுப்பு தொடங்கினார். சங்கிலி கிடையாது. குட்டிகளை ஒன்றாக ஓடி விளையாட விட்டு, இடையிடையே தின்பண்டத்தைக் காட்டி உட்காரவும், கூப்பிட்டால் வரவும் பழக்குவதுதான் பாடம்.

குட்டி கடிப்பதைப் பற்றி அவர் சொன்னது அதுவரை யாரும் யோசிக்காத கோணம். குட்டியின் பல் ஊசி, தாடையில் வலு இல்லை. அதனால் கடி வலிக்கும், ஆனால் பெரிய காயம் ஆகாது. விளையாட்டில் ஒன்று கொஞ்சம் பலமாகக் கடித்தால் மற்றது 'கீ' என்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். விளையாட்டு நின்றதே கடித்ததற்குத் தண்டனை. இப்படி நூறு முறை நடந்து, எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. தாடை வலுவாவதற்குள் இந்தப் பாடம் முடிந்தாக வேண்டும். முதல் நாளிலிருந்தே அடித்து வாயை மூட வைத்த குட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாமலே போய்விடும். பின்னாளில் வாலை யாராவது மிதித்துவிட்டால், அது கடிக்கும் முதல் கடி அளவு தெரியாத கடியாக இருக்கும். எனவே வீட்டு மனிதர்களும் அதையே செய்யலாம் என்றார் டன்பார். வலித்தால் சத்தம் கொடுத்து, கையை இழுக்காமல், விளையாட்டை நிறுத்திச் சில நொடி விலகிப் போய்விடுவது.

செருப்புக் கடிக்கு ஒரு கார் மெக்கானிக் கதை உண்டு. கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு நாய் கல்லைக் கடித்தே பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்து கழற்றிய ரப்பர் பாகம் ஒன்றை நாய் எடுத்துக்கொண்டு விடவே இல்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 1976-ல் தொடங்கிய 'காங்' ரப்பர் பொம்மை. உள்ளே கூடாக இருக்கும் அதில் உணவைத் திணித்துக் கொடுத்தால் குட்டி மணிக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டும். கடிக்காதே என்று அடிப்பதை விட, இதைக் கடி என்று கொடுப்பது எவ்வளவு சுலபம்! குட்டிக்குக் கடிப்பது என்பது பசி, தூக்கம் மாதிரி ஒரு தேவை.

வீட்டுக்குள் ஈரம் செய்யும் பிரச்சினைக்கும் இதே தலைகீழ் யோசனைதான். தப்பான இடத்தில் போன பிறகு பிடிப்பதற்குப் பதில், போகப்போகும் நேரத்தைக் கணித்து ஏறக்குறைய மணிக்கொரு தடவை சரியான இடத்துக்குத் தூக்கிப் போய், போனதும் அங்கேயே ஒரு தின்பண்டம். தப்பு நடந்தால் பேசாமல் துடைப்பது. இரவில் சிணுங்கினால், தாயையும் கூடப்பிறந்தவைகளையும் பிரிந்த முதல் சில நாட்கள் அதன் பெட்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குப் பிறகும் கதை நேர்கோட்டில் போகவில்லை. 2004-ல் தொடங்கி 2012 வரை ஓடிய 'டாக் விஸ்பரர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி, நீதான் தலைவன் என்று நாய்க்குக் காட்டு என்ற பழைய பாட்டை மறுபடி உலகம் முழுக்க ஒலிபரப்பியது. 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நடத்தைப் பிரச்சினைக்காக வந்த 140 உரிமையாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய்கள் பதிலுக்குச் சீறின அல்லது பாய்ந்தன. மல்லாக்கப் புரட்டியவர்களிடம் அது 31 சதவீதம்.

மருத்துவர்களின் பக்கம் முடிச்சு அவிழ்ந்தது 2008 அறிக்கையில்தான். முதல் தவணைத் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் கொடுத்து ஏழு நாள் ஆகியிருந்தால் போதும், ஏழெட்டு வாரக் குட்டியை வகுப்புக்கு அனுப்பலாம் என்றது சங்கம். டேவிட் மெக் இன்னும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் 1970 புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்துங்கள் என்று அவர் பதிப்பாளரிடம் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார். புத்தகம் விற்றுக்கொண்டே இருந்தது. கடைசியில் அச்சு நின்றுவிட்டது என்று அவர் அறிவித்த ஆண்டு 2022.